கரண்டும் எச்சிலும்

எங்கள் பக்கம் ரேடியோதெரபி என்ற சொல்லை டாக்டர்கள் மட்டும்தான் சொல்வார்கள். மற்ற எல்லாருக்கும் அது கரண்டு. “மாமாவுக்கு முப்பத்தஞ்சு கரண்டு எழுதியிருக்காங்க.” “அம்மைக்குப் பதினெட்டு கரண்டு முடிஞ்சிட்டு, இன்னும் ஏழுதான்.” திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் டெக்னீஷியனாக இருபத்து நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் வருகிறவர்களையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன். “கரண்டு இல்ல அண்ணாச்சி, கதிர்.” அவர்களும் தலையாட்டிவிட்டு, “சரிம்மா, நாளைக்குக் கரண்டுக்கு எத்தனை மணிக்கு வரணும்?” என்பார்கள். இப்போது நானே வீட்டுக்குப் போய் “இன்னைக்கு அம்பத்தாறு பேருக்குக் கரண்டு வச்சேன், கால் கடுக்குது” என்றுதான் சொல்கிறேன்.

போன வருஷம் முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி வந்தார். பீடி சுற்றியே மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். கர்ப்பப்பை வாயில் புற்று. முதல் நாள் மேசையில் படுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஷாக் அடிக்குமா தாயி?”

“ஒண்ணும் தெரியாது ஆச்சி. சூடுகூடத் தெரியாது.”

சமாதானத்துக்காகச் சொன்னதில்லை இது. ஒரு நாளைக்கு நாங்கள் கொடுப்பது பெரும்பாலும் 2 கிரே. கிரே என்பது உடம்பில் இறங்கும் கதிரை அளக்கும் அலகு. அந்த அளவு கதிர் உடம்பில் இறங்கினால் அந்த இடத்தின் சூடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஏறாது. ஒரு வாய் காபி அதைவிடப் பல மடங்கு சூட்டை உள்ளே கொண்டுபோகும். ஆனால் அதே 2 கிரே செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையைப் பார்த்து அறுக்கிறது. நல்ல செல் அறுந்ததை ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டுப்போட்டுக்கொள்ளும். புற்றுச் செல்லுக்கு அந்தக் கைவேலை அவ்வளவாக வராது. அதனால்தான் மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டாமல் ஐந்து வாரம், ஏழு வாரம் என்று பிரித்துக் கொடுக்கிறோம்.

ஆச்சியின் அடுத்த கேள்வி, பேரனைத் தூக்கலாமா என்பது. தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து வைக்கிற கதிர் டியூப்லைட் வெளிச்சம் மாதிரி. சுவிட்சை அணைத்தால் அறையில் மிச்சம் எதுவும் இருக்காது, உடம்பிலும் தங்காது.

நான் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது கோபால்ட் மெஷின் ஒன்றுதான், கனடாவில் செய்த தெரட்ரான். கோபால்ட்–60 வைத்து மனிதருக்கு முதன்முதல் சிகிச்சை தந்ததும் அதே கனடாவில்தான், 1951-இல். மெஷினின் தலைக்குள் ஈயக் கவசத்துக்கு நடுவே ஒரு சின்ன உருளை. பொத்தானை அழுத்தினால் காற்றழுத்தத்தில் அது ‘டக்’ என்று முன்னால் வந்து நிற்கும். நேரம் முடிந்ததும் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். மின்சாரம் போனாலும் உள்ளே கோபால்ட் பாட்டுக்கு எரிந்துகொண்டே இருக்கும். 5.27 வருஷத்தில் அதன் வலு சரிபாதியாகிவிடும், அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம். மாதம் பிறந்தால், கதிர் அளவைக் கணக்கிடும் எங்கள் பிசிசிஸ்ட் சார் புது அட்டவணை ஒட்டுவார். போன மாதம் 100 விநாடி என்றால் இந்த மாதம் 101. சோர்ஸ் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கோபால்ட் உருளை புதிதாக வந்த வருஷம் ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தது, சோர்ஸ் கிழடான பிறகு மூன்று நிமிஷம் இழுக்கும். வெளியே பெஞ்சில் கூட்டம் அவ்வளவுக்கு நீளும்.

கோபால்ட்டின் இன்னொரு குணம், ஓரம் தெளிவாக விழாது. சோர்ஸே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அகலம். சுவரோரம் டியூப்லைட் போட்டால் கைநிழலின் ஓரம் மங்கலாக விழும் இல்லையா, அதே கதைதான். கட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் நல்ல சதைக்கும் பங்கு போகும். அதைத் தடுக்க எங்களிடம் இருந்தது ஈயக்கட்டி. ஆறு சென்டிமீட்டர் தடிமன் இருந்தால்தான் கோபால்ட் கதிரை ஏறக்குறைய முழுக்க மறிக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தக் கட்டிகளைத் தூக்கித் தலைக்கு மேலே இருக்கும் தட்டில் அடுக்கி, கதிர் வைத்து, இறக்கி, மெஷினைத் திருப்பி, மறுபடி அடுக்க வேண்டும். என் வலது தோள்பட்டை வலிக்கு எலும்பு டாக்டர் “என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டபோது “ஈயம் சுமக்கிறேன்” என்றேன்.

தவறும் செய்திருக்கிறேன். 2004-இல், ஒரு நாள் சாயங்காலம். மார்பகப் புற்று நோயாளி ஒருவருக்கு வெட்ஜ் வைக்க மறந்துவிட்டேன். வெட்ஜ் என்பது ஆப்பு வடிவ உலோகத் துண்டு. ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் மெலிவு. மார்பு போலச் சரிவான இடத்தில் கதிர் ஒரே சீராக விழ அது வேண்டும். அடுத்த நோயாளியை ஏற்றப் போனபோது அது அலமாரியில் அப்படியே இருந்தது. நெஞ்சு படபடத்தது. ஓடிப்போய் பிசிசிஸ்டிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கூடுதலாகப் போன அளவைக் கணக்கிட்டு, டாக்டரிடம் பேசி, வரும் நாட்களில் அதைக் குறைத்துச் சரிக்கட்டினார். அந்த அம்மாவிடமும் டாக்டர் சொன்னார். இன்றைய மெஷினில் இப்படி நடக்க விடாது. திட்டத்தில் இருப்பதில் ஒன்று குறைந்தாலும் கம்ப்யூட்டர் கதிரைத் திறக்க மறுத்துவிடும். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் “இது ஏன்க்கா இவ்வளவு அடம் பிடிக்குது?” என்று சலித்துக்கொள்ளும்போதெல்லாம் அந்த அலமாரி என் கண்முன் வரும்.

இனி சித்தப்பா.

2003-இல் அவருக்குத் தொண்டையில், டான்சிலில் புற்று. எங்கள் மருத்துவமனைக்குத்தான் வந்தார். கதிர் வைத்தது நான்தான். அன்றைய முறைப்படி இடது பக்கத்திலிருந்து ஒரு பீம், அதாவது கதிர்க்கற்றை, வலது பக்கத்திலிருந்து ஒரு பீம், காது முதல் கழுத்து வரை ஒரு பெரிய சதுரம். 44 கிரே தாண்டியதும் தண்டுவடத்தை விலக்கிச் சதுரத்தைச் சின்னதாக்குவோம். அதற்குமேல் நெளிவுசுளிவு எதுவும் கோபால்ட்டில் முடியாது. புற்று போய்விட்டது, திரும்ப வரவே இல்லை. பதினாலு வருஷம் இருந்து, பேத்தி கல்யாணம் பார்த்து, மாரடைப்பில் போனார்.

ஆனால் அந்தப் பதினாலு வருஷமும் கையில் தண்ணீர் பாட்டில். பொன்னுக்கு வீங்கி வந்தால் காதுக்கு முன்னால் வீங்குமே, அதுதான் பரோட்டிட் சுரப்பி. சாப்பிடும்போது ஊறும் எச்சிலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. நான் வைத்த சதுரத்துக்குள் இரண்டு பக்கத்துச் சுரப்பியும் அகப்பட்டிருந்தன. சித்தப்பாவுக்கு சாத்தூர் காராச்சேவு என்றால் உயிர். அதற்கப்புறம் அவரால் ஒரு சேவுகூட மெல்ல முடியவில்லை. வாயில் போட்டால் மணல் மாதிரி அப்படியே நிற்கும் என்பார். ரசஞ்சோறும் கூழும்தான். ராத்திரி நாலு முறை எழுந்து வாயை நனைத்துக்கொள்வார். ஒரு தீபாவளிக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஏ பிள்ள, உன் மிசினு நோயையும் கொன்னுட்டு, எச்சியவும் கொன்னுட்டு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

புது மெஷினைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்தக் கதையில்தான் ஆரம்பிப்பேன். பழைய மெஷினுக்குக் கொல்லத் தெரியாமல் இல்லை. எதை விட்டுவைக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. என் வேலைக்காலத்தில் வந்த முன்னேற்றம் அத்தனையையும் ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால், எச்சில் என்பேன்.

எங்களுக்கு லீனியர் ஆக்சிலரேட்டர் 2009-இல் வந்தது. லினாக் என்போம். இதில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. எலக்ட்ரான்களை மைக்ரோவேவ் அலையில் ஏற்றி ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு ஓடவிட்டு, டங்ஸ்டன் தகட்டில் மோதவைத்தால் எக்ஸ் கதிர் பிறக்கும். கதிர் கிளம்பும் புள்ளி ஓரிரு மில்லிமீட்டர்தான் என்பதால் ஓரம் கத்தி மாதிரி விழும். அதோடு என் தோள்பட்டையைக் காப்பாற்றிய ஒன்றும் வந்தது, மல்டிலீஃப் கொலிமேட்டர். ஈயக்கட்டிக்குப் பதிலாக மெஷினின் தலைக்குள்ளேயே 120 டங்ஸ்டன் தகடுகள், இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் 60. ஆர்மோனியக் கட்டைகள் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக நகரும். நடுவில் இருப்பவை நோயாளியின் உடம்பில் அளந்தால் 5 மில்லிமீட்டர் அகலம். கட்டி எந்த வடிவமோ அந்த வடிவத்தில் ஜன்னல் திறக்கும். முதல் நாள் அது ‘ஸ்ஸ்ர்’ என்று நகர்ந்து நாக்கு வடிவத்தில் திறந்ததைப் பார்த்து நானும் சிஸ்டரும் கைதட்டியதை இப்போது சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பிறகு ஐ.எம்.ஆர்.டி. அதுவரை பீமை நாமே வைத்துப் பார்த்து, எங்கே எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போடுவோம். இதில் கணக்கு தலைகீழ். கட்டிக்கு 70 கிரே வேண்டும், தண்டுவடம் 45-ஐத் தாண்டக்கூடாது, பரோட்டிட்டுக்குச் சராசரி 26-க்குள் இருக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டால், அதற்கேற்ப ஒவ்வொரு திசையிலிருந்தும் எங்கே அழுத்திப் போடுவது, எங்கே மெலிதாகப் போடுவது என்பதைக் கம்ப்யூட்டர் தேடிக் கண்டுபிடிக்கும். 1980-களில் ஸ்வீடனில் ஆண்டெர்ஸ் பிராமே தாளில் போட்ட கணக்கு இது. அதை ஓட்ட வலுவான கம்ப்யூட்டரும் நகரும் தகடும் வரக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்தது வீமேட். கனடாவில் கார்ல் ஆட்டோ 2008-இல் வெளியிட்ட முறை. மெஷின் நோயாளியைச் சுற்றிக்கொண்டே இருக்கும்போதே தகடு நகரும், கதிரைக் கொட்டும் வேகம் கூடிக் குறையும். கால் மணி நேரம் படுத்திருந்தவர் இப்போது மூன்று நான்கு நிமிஷத்தில் இறங்கிவிடுகிறார். முதுகுவலிக்காரர்கள் இதற்காகவே அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.

பிரிட்டனில் 94 பேரை வைத்து பார்ஸ்போர்ட் என்று ஓர் ஆய்வு நடந்தது. 2011-இல் லான்செட் ஆங்காலஜி இதழில் வந்தது. எங்கள் பிசிசிஸ்ட் அதை அச்செடுத்துக் கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டினார். பழைய முறையில் கதிர் வைத்துக்கொண்டவர்களில் ஒரு வருஷம் கழித்தும் நூற்றுக்கு 74 பேருக்குத் தொல்லை தரும் அளவுக்கு வாய் வறட்சி. பரோட்டிட்டை விலக்கி ஐ.எம்.ஆர்.டி. வைத்தவர்களில் 38 பேருக்கு. எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகும் அந்தத் தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எட்டு வருஷம் பிந்திப் பிறந்திருந்தால் அந்த 74-இல் சித்தப்பா இல்லாமல் போயிருக்கலாம்.

இவ்வளவு துல்லியத்துக்கும் ஒரு விலை உண்டு. பெரிய சதுரம் வைக்கும்போது நோயாளி அரை சென்டிமீட்டர் அசைந்தாலும் கட்டி உள்ளேதான் இருக்கும். கட்டியின் ஓரத்தை ஒட்டி வரைந்து வைக்கும்போது அதே அரை சென்டிமீட்டர், கட்டிக்குப் போகவேண்டியதைச் சுரப்பிக்குக் கொண்டுபோய்விடும். அதனால் மெஷின் நுட்பமாக ஆக ஆக, படுக்கவைக்கிற வேலை எங்களுக்குக் கூடிக்கொண்டேதான் போகிறது.

ஏரல் பக்கத்து வாழைத்தார் வியாபாரி ஒருவர். சித்தப்பாவுக்கு வந்த அதே இடம், டான்சில். முப்பத்தைந்து கரண்டு, வாரம் ஒரு கீமோ. அவருக்கு முகமூடி செய்தது நன்றாக நினைவிருக்கிறது. ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் தகடு, அப்பளம் மாதிரி விறைப்பாக இருக்கும். 70 டிகிரி வெந்நீரில் போட்டால் நனைந்த அப்பளம்போலத் துவண்டுவிடும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, துணியால் ஒற்றி, முகத்துக்கு மேலே இழுத்து மேசையில் மாட்டவேண்டும். மூக்குத் தண்டு, புருவம், தாடை எல்லாவற்றையும் விரலால் அமுக்கிப் பதியவிட வேண்டும். கால் மணி நேரத்தில் இறுகி அச்சு அசலாக அந்த ஆளின் முகமாகிவிடும். தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டித்தான் கதிர் வைப்போம்.

“என்னம்மா, பாடையில வச்சுக் கட்டுத மாதிரில்லா கட்டுதீய” என்றார்.

“பாடையில கட்டுனா திரும்ப அவுக்க மாட்டாங்க அண்ணாச்சி. நாங்க நாலு நிமிஷத்துல அவுத்துருவோம்.”

முகமூடி செய்து ஸ்கேன் எடுத்த பிறகு முதல் கரண்டுக்கு ஒரு வாரம் ஆகும். அதற்குள் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள், கட்டி வளர்ந்துகிட்டு இருக்கு, நீங்க என்ன பண்ணிட்டு இருக்கீய என்று. அந்த ஒரு வாரத்தில் டாக்டர் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு படமாக நூற்றுக்கணக்கான ஸ்கேன் படங்களில் கட்டியையும், நிணநீர்க் கணுக்களையும், இரண்டு பரோட்டிட்டையும், தண்டுவடத்தையும், தாடை எலும்பையும் வரைந்துகொண்டிருப்பார். பிசிசிஸ்ட் திட்டம் போட்டு, பிடிக்காமல் அழித்து, மறுபடி போட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் நோயாளிக்குப் பதிலாக அளவுக்கருவியை மேசையில் வைத்து முழுச் சிகிச்சையையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம், அரங்கேற்றத்துக்கு முன்னால் ஒத்திகை மாதிரி. அது ஒத்துவந்தால்தான் ஆள் படுக்கலாம்.

நாலாவது வாரம் அண்ணாச்சிக்கு விழுங்க முடியவில்லை. தொண்டை முழுக்கப் புண். ஏழு கிலோ இறங்கிவிட்டார். ஒரு காலை முகமூடியை மாட்டினால் கன்னத்துக்கும் அதற்கும் நடுவே என் சுண்டுவிரல் போகிறது. லினாக்கிலேயே எடுக்கும் கோன் பீம் சி.டி. படத்தைப் பழைய படத்தின்மேல் வைத்துப் பார்த்தால் கழுத்து சுருங்கியிருக்கிறது, கட்டியும் சுருங்கியிருக்கிறது. பரோட்டிட் உள்ளே நகர்ந்து, நாங்கள் அழுத்திப் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அன்றைக்குக் கதிரை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். புது முகமூடி, புது ஸ்கேன், புதுத் திட்டம். மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி. எந்த மெஷினில் வைத்தீர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நாலாவது வாரம் உங்கள் கன்னத்தில் விரல் விட்டுப் பார்த்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

முக்கூடல் ஆச்சிக்கு வேறு பிரச்சினை, மூத்திரப்பை. இடுப்புக்குக் கதிர் வைக்கும்போது பை நிறைந்திருந்தால் குடலை மேலே தள்ளிவிடும், குடலுக்குக் கதிர் குறையும். அதனால் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும். ஆச்சி தினமும் காலிப் பையோடு வந்து நிற்பார். ஸ்கேனில் பார்த்தால் வற்றிய குளம். இறக்கி, தண்ணீர் குடிக்கவைத்து, நாற்பது நிமிஷம் உட்காரவைத்து, மறுபடி ஏற்றுவோம். நாலாவது நாள் கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

“பஸ்ஸுல ஒரு மணி நேரம் வாரேன். நடுவுல வந்துட்டுன்னா எங்கன இறங்க? எங்க ஊர்ல பொம்பளையாளுக பஸ் ஏறுத அன்னைக்குக் காலையிலயிருந்து தண்ணி குடிக்க மாட்டோம் தாயி.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் பெண்தான், நானும் பஸ்ஸில் போகிறவள்தான். பிறகு இரண்டு பேருமாக ஒரு கணக்குப் போட்டோம். பேட்டை வந்ததும் பாட்டிலைத் திறக்க வேண்டியது, டவுன் தாண்டுவதற்குள் பாதி, மேம்பாலம் இறங்குவதற்குள் முழுசும். வந்ததும் ஆச்சியை வரிசையில் முன்னால் விட்டுவிடுவேன். மூன்றாவது வாரத்திலிருந்து அவர் பை ஒரு நாளும் தப்பவில்லை. பல கோடி ரூபாய் மெஷினின் துல்லியம் பேட்டை பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்தது.

இருபத்தைந்து கரண்டு முடிந்ததும் ஆச்சிக்கு ‘உள் கரண்டு’. பிராக்கிதெரபி. மெல்லிய குழாய்களைக் கர்ப்பப்பைக்குள் பொருத்தி, கம்பி நுனியில் இருக்கும் இரிடியம்–192 துணுக்கை உள்ளே அனுப்புவோம். அரிசி மணியைவிடச் சின்னது. 74 நாளில் பாதியாகிவிடும் என்பதால் வருஷத்துக்குச் சில முறை புதிது மாற்ற வேண்டும். கட்டிக்குள்ளேயே போய் நிற்பதால் அங்கே அள்ளிக் கொடுக்கும், இரண்டு சென்டிமீட்டர் தள்ளினால் மளமளவென்று குறைந்துவிடும். ரேடியம் காலத்திலிருந்து வருகிற யோசனைதான். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து வைக்கும் எந்தப் புது மெஷினும் இன்றுவரை இதன் இடத்தைப் பிடிக்கவில்லை. அதிநவீனம் என்று விளம்பரம் செய்யாததால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

அதிநவீனம் என்றதும் சென்னையில் இருக்கும் அத்தைமகன் ஞாபகம் வருகிறது. சொந்தத்தில் யாருக்குப் புற்று என்றாலும் எனக்கு போன் போட்டு, “புரோட்டான் வச்சிரலாமா?” என்பான். தரமணியில் 2019-இல் தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையம் திறந்ததிலிருந்து இப்படித்தான். அவனுக்கு நான் பஸ் கணக்கில் சொன்னேன். எக்ஸ் கதிர் டவுன் பஸ். ஏறியதிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் இறக்கிக்கொண்டே போகும். நாம் சொன்ன ஊரைத் தாண்டியும் போய் இறக்கும். புரோட்டான் வழியில் கொஞ்சப் பேரை மட்டும் இறக்கிவிட்டு, கடைசி நிறுத்தத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்கப்பால் ஒன்றும் போகாது. இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946-லேயே எழுதிவிட்டார். குழந்தைக்கு மூளையிலும் முதுகுத்தண்டு நெடுகவும் வைக்க வேண்டியிருந்தால் இது பெரிய வரம்தான். முதுகில் வைக்கிற எக்ஸ் கதிர் நெஞ்சு, குடல் எல்லாவற்றையும் கடந்து முன்பக்கம் வெளியே போகும், புரோட்டான் முதுகெலும்போடு நின்றுவிடும். வளரும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் ஆயுசுக்கும் கூடவே வரும். ஆனால் எழுபது வயது மாமாவுக்கு எலும்பில் பரவி வலிக்கிறது என்றால் அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கரண்டு, 8 கிரே. அதைப் பழைய கோபால்ட்டில் வைத்தாலும் வலி கேட்கும். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய பாபாட்ரான் கோபால்ட் மெஷின்கள் இன்னும் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. லினாக்குக்குக் குளிர்விக்கும் சில்லர், ஏ.சி., நிலையான மின்சாரம் என்று சீர்வரிசை வேண்டும். எல்லா ஊரிலும் அது கிடைக்குமா?

காமா நைஃப், சைபர் நைஃப் எல்லாம் பெயரில்தான் கத்தி. பல திசையிலிருந்து மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன, அவ்வளவுதான். எங்கள் லினாக்கிலேயே இப்போது எஸ்.பி.ஆர்.டி. செய்கிறோம், பெரிய அளவை ஐந்து தடவையில். கல்லீரல் மாதிரி மூச்சோடு மேலும் கீழும் போகிற உறுப்பென்றால் மூச்சை அடக்கச் சொல்லி, அடக்கியிருக்கும்போது மட்டும் கதிரைத் திறப்போம். இருபது விநாடி பிடித்தால் போதும், அதற்கே நிறையப் பேர் திணறுவார்கள். தூத்துக்குடியிலிருந்து சங்கு குளிக்கிற ஒரு அண்ணன் வந்தார். மைக்கில் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றேன். இருபது, முப்பது, நாற்பது விநாடி ஆயிற்று. கதிர் எப்போதோ நின்றுவிட்டது. விடுங்க என்று நான் சொல்ல மறந்தது ஒரு நிமிஷம் தாண்டித்தான் உறைத்தது. திரையில் கோடு ஆடாமல் அசையாமல் நேராக நிற்கிறது. பயந்துபோய்க் கத்தினேன். எழுந்து வந்து, “இதுக்கா இவ்வளவு சத்தம்?” என்று கேட்டார்.

நாட்களின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டு வருகிறது. மார்பகப் புற்றுக்கு நான் சேர்ந்த காலத்தில் ஐந்து வாரம், பிறகு மூன்று வாரம். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் பஸ்ஸே ஓடாத நேரத்தில், நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஃபாஸ்ட்–ஃபார்வர்ட் ஆய்வு லான்செட்டில் வந்தது. 26 கிரேயை ஐந்தே கரண்டில், ஒரே வாரத்தில் கொடுத்தாலும் மூன்று வாரத்துக்குக் குறைவில்லை என்றது. எல்லாருக்கும் பொருந்தாது, டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஆட்டையும் மாட்டையும் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வருகிற பெண்ணுக்கு அந்தப் பத்து நாள் என்ன என்று எனக்குத் தெரியும்.

தொண்டைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒரு நாள் தள்ளிப்போனால் கட்டி அடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது. பாதியில் விட்டால் மிஞ்சியிருக்கும் புற்றுச் செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பித்துவிடும். வாழைத்தார் அண்ணாச்சி ஐந்தாவது வாரத்தில், ஊரில் சாமி கொடை, மூணு நாள் லீவு வேண்டும் என்று வந்து நின்றார். குரலே வரவில்லை, சைகையில் கேட்டார். நான் முடியாது என்றேன். கொடைக்கு வராவிட்டால் சாமி கோவிச்சுக்கும் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினார். சாமியிடம் என் பெயரைச் சொல்லுங்கள் என்று அதன் அடியிலேயே எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கரண்டை முடித்து ஓடி, சனி ஞாயிறு கொடை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை நெற்றியில் மஞ்சணையோடு வந்தார். அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் முகமூடியை மாட்டினேன்.

முடிந்து ஒரு வருஷம் கழித்து, இந்த மாசியில், செக்கப்புக்கு வந்தார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன்.

“காராச்சேவு திங்க முடியுதா அண்ணாச்சி?”

“முடியுது. நடுவுல ஒரு மடக்குத் தண்ணி வேணும், அவ்வளவுதான். ஏம்மா, டாக்டர்கூட இதக் கேக்கலியே?”

கடைசி நாளில் முகமூடியை வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டு வாங்கிப்போயிருந்தார். சிலர் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார்கள், சிலர் நினைவுக்கு வைத்துக்கொள்வார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு போனில் ஒரு படம் காட்டினார். வாழைத்தோட்டத்து வரப்பில் ஒரு கம்பு, அதில் ஒரு கிழிந்த சட்டை, சட்டைக்கு மேலே அந்த முகமூடி. பொட்டும் மீசையும் வரைந்திருக்கிறது. திருஷ்டிக்கு நல்லா வேலை செய்யுதாம். அணில்தான் மதிக்க மாட்டேங்குது என்றார்.